சிவநேசத்துக்கு ஆகாத கோட்-டெ-நெய்ஜ்

பனி கொட்டும், பிரெஞ்சு பேசும் அந்த நகரத்தில் கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியைச் சிவநேசத்துக்குக் கண்ணிலும் காட்டக் கூடாது. ஆனால் அங்கேதான் குடியிருந்தார். எண்பத்து நாலாம் ஆண்டு கார்த்திகையில் மனைவி குணேஸ்வரியோடும் பத்து வயது மகளோடும் வந்து இறங்கிய அன்றே, அந்தச் செங்கல் அடுக்குமாடியை அண்ணாந்து பார்த்து, "கோழிக்கூடு" என்றார். உள்ளே போய்ப் பார்த்தபின், கோழிக்கூடு என்றது கொஞ்சம் மரியாதையான சொல் என்று அவருக்குப் பட்டது. கீழே மட்டக்களப்பான், மேலே ஹெயிட்டிக்காரி, எதிரே வியட்நாம்காரர், பக்கத்தில் எந்த நாடென்றே பிடிபடாத ஒரு கூட்டம். படியேறினால் மாடிக்கு மாடி வேறு எண்ணெய் மணத்தது. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏறுவார்.

கொழும்பில் காணித் திணைக்களத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர் அவர். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் வெள்ளவத்தை வீட்டை எரித்துவிட்டார்கள். அகதியாக வந்து, சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குளிசைப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கினார். அந்த வேலையைப் பற்றி அவர் குறைப்பட்டதில்லை. தொழிற்சாலை துப்புரவாக இருந்தது, எல்லாரும் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார்கள். குறை முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவந்துதான் இறக்கினார்.

ஒரு நிலத்தைக் கண்டால் அது முன்பு யாருடையது என்று கேட்காமல் விடமாட்டார். பழகிய தொழில் அது. கட்டடத்தைப் பராமரித்த கிழவர் ஓர் உக்ரேன்காரர், பெரிய யுத்தம் முடிந்த கையோடு வந்தவர். சிவநேசம் அவரைப் பிடித்து ஆங்கிலத்தில் விசாரித்தார். அவர் வருவதற்கும் வெகு காலம் முன்பு, மலையடியான இந்த இடத்தில் ஓடையும் தோல் பதனிடும் பட்டறைகளும் இருந்தனவாம். பிறகு பழத்தோட்டங்கள். தோட்டங்களை அழித்து மாடிகள் எழும்பியதும் யூதர்கள் வந்தார்கள், வசதி வந்ததும் மேற்கே போனார்கள். அவர்களுக்குப் பின் கரீபியன் தீவுக்காரர், அவர்களுக்குப் பின் வியட்நாமில் இருந்து படகில் தப்பியவர்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கிழவர், முன்பெல்லாம் இந்தப் படிக்கட்டில் சோப்பு மணக்கும், நீங்கள் வந்துதான் கெடுத்தீர்கள் என்று முடித்தார்.

அந்த "நீங்கள்" சிவநேசத்துக்குச் சுருக்கென்று தைத்தது. கீழ்வீட்டு மட்டக்களப்பானையும் கொழும்பு உத்தியோகத்தரான தன்னையும் கிழவர் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்.

"முதல் தோல் பதனிட்ட இடம்," என்றார் சாப்பிடும்போது. "பேந்து வந்தவனெல்லாம் கையில காசு பட்ட உடனை ஓடியிருக்கிறான். இருக்கத்தக்க இடமெண்டால் ஒருத்தனாவது நிண்டிருக்க மாட்டானே?"

"வந்து இறங்கவும் ஒரு இடம் வேணும்தானே," என்றாள் குணேஸ்வரி.

"பஸ் ஸ்ராண்டும் இறங்கிற இடம்தான். அங்க ஆரும் பாய் விரிச்சுப் படுக்கிறேல்லை."

குணேஸ்வரி பாய் விரித்துவிட்டாள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. மேல்வீட்டு ஹெயிட்டிக்காரி இவெத் அவளைத் தான் வேலை செய்த கார்டரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில், குழந்தைகளுக்குச் சமைக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தாள். ஒரு வருடத்துக்குள் அவள் இவெத்தோடு பிரெஞ்சில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். "குசினிப் பிரெஞ்சு" என்பார் சிவநேசம். அவருக்கு அதுவும் வராது.

அந்தக் கீழ்வீட்டு மட்டக்களப்பான் குலேந்திரன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டில் தள்ளுகிறவன். வழியில் கண்டால் சிரிப்பான். சிவநேசம் பார்வையைச் சுவருக்குத் திருப்பிக்கொள்வார்.

எண்பத்தாறு தை மாதம் கட்டடத்தின் கொதிகலன் நின்றுபோனது. வீட்டுக்காரனைப் பிடிக்க முடியவில்லை. குலேந்திரன் எங்கிருந்தோ இரண்டு மின்கணப்புகளைக் கொண்டுவந்து போட, மாடிகளில் இருந்த சனமெல்லாம் போர்வையும் பானையுமாக அவன் வீட்டில் கூடிவிட்டது. குணேஸ்வரியும் மகளும் இறங்கிப் போய்விட்டார்கள். அவன் மேலே வந்து கதவைத் தட்டினான்.

"வாங்க அண்ணன், நம்மட ஊட்டுல சூடா இரிக்கி."

"எனக்குக் குளிரேல்லை, தம்பி."

கதவைச் சாத்திவிட்டு, அவனுடைய மட்டக்களப்புப் பேச்சின் "ஊட்டுல" என்பதை மனதுக்குள் "வீட்டில" என்று திருத்திக்கொண்டார். ஓவர்கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். குணேஸ்வரி வந்து கூப்பிட்டும் அசையவில்லை. அந்தக் கும்பலுக்குள் போய்க் குந்துவதைவிட விறைப்பது அவருக்கு மேலாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் நெருப்பாய் எரிந்து நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. குலேந்திரன்தான் அவரை முதுகில் சுமந்து படியிறங்கினான். ஆஸ்பத்திரியில் கட்டிலைத் தள்ளியதும் அவன்தான்.

கண் விழித்ததும் சிவநேசம் சொன்ன முதல் வார்த்தை: "வாட்டுக்குள்ள கொண்டுவரேக்க கட்டிலைச் சுவரில கொண்டுபோய் முட்டினவன்."

குணேஸ்வரி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். பாதியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்து, எழுந்து போனாள்.

பனி கரைந்ததும் தொழிற்சாலை மேற்பார்வையாளன், ஆற்றுத் தீவான இல்-பிசாரில் தன் வீட்டின் நிலக்கீழ்த் தளம் சும்மா கிடக்கிறது என்றான். சிவநேசம் போய்ப் பார்த்தார். தனித்தனி வீடுகள், வெட்டிய புல், ஒரு மணமும் இல்லை, தெருவில் ஒரு மனிதரும் இல்லை. இதுவல்லவோ ஊர் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

"நீங்கள் போங்கோ," என்றாள் குணேஸ்வரி. "நாங்கள் வரேல்லை."

"என்ன கதை இது?"

"எனக்கு இஞ்ச வேலை, பிள்ளைக்கு இஞ்ச பள்ளிக்கூடம். அங்க உங்களைத் தவிர எங்களுக்கு ஆர் இருக்கினம்? நீங்கள் ஒருத்தரையும் மதிக்கிற ஆளில்லை. என்னை மட்டும் மதிக்கிறியள் எண்டு நான் எப்பிடி நம்பிறது?"

வீம்புக்குத் தனியாகவே போனார். மேற்பார்வையாளனின் மனைவி முதலில் கறி காய்ச்சும்போது யன்னலைத் திறக்கச் சொன்னாள். பிறகு பின்வாசலால் வந்து போகச் சொன்னாள். ஞாயிறுகளில் பஸ்ஸும் மெத்ரோவும் மாறி வந்து, மனைவி சமைத்ததைச் சாப்பிட்டு, படிக்கட்டைத் திட்டிவிட்டுத் திரும்புவார். தீவில் ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது. அவர் பெயரை ஒருவரும் கேட்கவுமில்லை.

இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு காலை, தெருவோர உறைபனியில் வழுக்கி மல்லாக்க விழுந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது, எழும்ப முடியவில்லை. ஒரு கார் வந்தது. கையைத் தூக்கினார். காரோட்டியும் சிரித்தபடி பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போனான். வெகுநேரம் கிடந்து, புரண்டு, வேலிக் கம்பியைப் பிடித்துத் தானே எழும்பினார்.

அந்த மாதமே பெட்டியோடு திரும்பி வந்தார். குணேஸ்வரி கதவைத் திறந்தாள், ஆனால் வழி விடவில்லை.

"முதல் கீழ போய்க் குலேந்திரனுக்கு ஒரு நன்றி சொல்லிப்போட்டு வாங்கோ."

பெட்டியை வாசலில் வைத்துவிட்டு இறங்கினார். குலேந்திரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "இரிங்க அண்ணன்," என்று இன்னொரு தட்டில் சோறு போட்டான். சிவநேசம் இருந்தார். சோற்றைப் பிசைந்தபடி, நன்றிக்குப் பதிலாக இல்-பிசாரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். சனமே இல்லாத காடு, மனிசனை மனிசன் தெரியாத சாதி, புல்லு வெட்டுறதைத் தவிர வேறை ஒண்டும் தெரியாததுகள். ஆற அமரத் திட்டிக்கொண்டே இரண்டாம் முறையும் சோறு வாங்கினார். குலேந்திரன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மேலே வந்தபோது குணேஸ்வரி பெட்டியை உள்ளே எடுத்து வைத்திருந்தாள்.

"சொன்னியளோ?"

"ஓம், சொன்னன்," என்றார் சிவநேசம். செருப்பைக் கழற்றியபடி, "அவன்ர குழம்பில புளி கூடிப்போச்சு," என்றார்.