அப்பாவுக்கு வலிக்காத இடம்

விலங்கியலில் டிகிரி வாங்கி, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு நாகலூர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். அந்த நேரம் பார்த்துத்தான் அப்பாவுக்குச் சர்க்கரை எகிறியது. மாத்திரை போதாது, தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டே ஆகவேண்டும் என்று ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். யார் போடுவது? அம்மா ஊசியைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். அப்பா காபி எஸ்டேட் ரைட்டர், ஆள் கணக்கு எழுதுகிறவர். நூறு பேரை மிரட்டி வேலை வாங்குகிற ஆள், தன் வயிற்றில் தானே குத்திக்கொள்ள மாட்டார்.

"தவளையெல்லாம் அறுத்தவதான நீயி? போடு கண்ணு" என்றார்.

மயக்க மருந்து கொடுத்த தவளை கத்தாது என்று நான் சொல்லவில்லை. பந்தாவாகத் தலையாட்டினேன்.

சொல்லிக்கொடுத்தவள் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள், ஒருமுறை பந்தை எறிந்து என் மூக்கை உடைத்தவள். குத்திப் பழக ஒரு ஆரஞ்சுப் பழத்தை என் கையில் கொடுத்தாள்.

"காலேஜ்காரி, பாத்துக்க. மருந்து பாட்டிலைக் குலுக்காத, உள்ளங்கையில வெச்சு உருட்டு. தோலை ரெண்டு வெரல்ல கிள்ளித் தூக்கிக் குத்து. சதைக்குள்ள போகக் கூடாது, தோலுக்கு அடியில இருக்கற கொழுப்புலதான் போகணும். தள்ளிட்டு மெதுவா பத்து எண்ணு, அப்பறம் எடு. தேய்க்காத. தெனமும் எடத்த மாத்திப் போடு."

"தெரியும் தெரியும்" என்றேன். இந்த ஒரு வார்த்தையால் நான் கெட்டது கொஞ்சநஞ்சமல்ல.

முதல் பத்து நாள் வீடு போர்க்களம். தொடையில் போட்டால் அப்பா துள்ளினார். கையில் போட்டால் முருகா என்றார். வயிற்றில், தொப்புளுக்கு நாலு விரல் வலப்பக்கம் போட்டபோதுதான் கொஞ்சம் அமைதியாக இருந்தார். மறுநாளும் அங்கேயே போட்டேன். ஒரு மாதத்தில் அந்த இடத்தில் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"எறும்பு கடிச்சாப்பல கூட இல்ல சாமி. உங்கையி நொம்ப லேசு" என்பார். நான் மிதந்தேன். பக்கத்து வீடுகளில் போய்ப் பீற்றிக்கொண்டேன்.

பிறகு புது ஷூ கடித்து அவர் இடது கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. ஆறவே இல்லை. சர்க்கரையும் இறங்கவில்லை. டாக்டர் இன்சுலினை இரண்டு முறை கூட்டினார், பயனில்லை. "ஒரு மாசம் பாக்கலாம். ஆறலைன்னா வெரலை எடுத்துர வேண்டியதுதான்" என்றார்.

அப்பா அங்கே சிரித்தார். "ஒம்போது வெரலு போதாதுங்களா டாக்டரய்யா, நானென்ன கால்லயா எழுதறேன்?" வீட்டுக்கு வந்ததும் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. என் கைமேல் எனக்குச் சந்தேகமே இல்லை, அவர் மேல்தான். திருட்டுத்தனமாக லட்டு தின்கிறாரோ என்று சட்டைப் பையை மோந்து பார்த்தேன்.

"அப்பா, நெசத்தச் சொல்லுங்க."

"தின்னா உனக்குக் குடுக்காமத் திம்பனா சாமி?"

அடுத்த வாரம் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் என்னை மடக்கினாள். "இன்னிக்கு இங்கயே போடு, பாக்கறேன்." நான் அலட்டலாக மருந்தை ஏற்றி, அப்பாவின் சட்டையைத் தூக்கி, வழக்கமான இடத்துக்குப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த இடத்தை விரலால் அழுத்தினாள். எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. நான் தினமும் கிள்ளிய தோல். தடிக்கத் தடிக்க, பிடிக்க வசதியாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

"எத்தன நாளா இங்கயே குத்தற?"

"மூணு மாசமா. இங்கதான் அப்பாவுக்கு வலிக்காது."

"அடிப்பாவி! ஒரே எடத்துல குத்திக் குத்தி மரத்துப்போச்சு, எப்படி வலிக்கும்? கட்டியில போட்டா மருந்து ஒடம்புல ஒழுங்காச் சேராதுடி."

பாசம் என்று நினைத்துச் செய்தது அவர் விரலைத் தின்றுகொண்டிருந்தது. அப்பாவைப் பார்க்க முடியாமல் சிரிஞ்சையே பார்த்தேன்.

அப்பா தன் வயிற்றைத் தானே தடவிப் பார்த்தார். "ஏனுங்க நர்ஸம்மா, புள்ளயத் திட்டாதீங்க. எங்க எஸ்டேட்ல ஒரு ஃபீல்டுல பழம் எடுத்தா, அடுத்த ரவுண்டு வரைக்கும் அங்க ஆளையே உட மாட்டேன். இத்தன வருசமா ஆள் பிரிச்சு உடறவன், என் வயித்துக்கு அது தோணல பாருங்க. புள்ளமேல என்னங்க தப்பு?"

புது இடத்தில் மருந்து முழுசாக வேலை செய்யும், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம் என்று டாக்டர் அளவைக் குறைத்தார். கிறுகிறுத்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ளச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று அப்பாவின் பையில் ஏறியது.

அன்றிலிருந்து அவர் உடம்பும் எஸ்டேட் ஆனது. இடது வயிறு ஒன்றாம் ஃபீல்டு, வலது தொடை இரண்டு, இடது தொடை மூன்று. கட்டி இருந்த பக்கத்துக்கு விடுமுறை. ஒரே ஃபீல்டிலும் நேற்றைய இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் போட வேண்டும். காலையில் எழுந்ததும், "இன்னிக்கு மூணுல ஆளு எறக்கு" என்பார். இறக்கினால் கத்துவார். "கொல்றாளே! படிச்ச புள்ள கையா இது, கடப்பாரை!" தெருவே சிரித்தது. கத்துங்கப்பா, இன்னும் நல்லாக் கத்துங்க என்று நான் மனசுக்குள் பத்து எண்ணினேன்.

மாதம் முடிந்து கட்டைப் பிரித்தபோது புண்ணின் ஓரங்கள் உள்ளே சுருங்கி, நடுவில் சிவப்பாகப் புதுச்சதை வந்திருந்தது. டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெரலை எடுக்க வேண்டாம்."

நர்ஸ் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவ்வளவுதான் அவள் பாராட்டு.

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா சட்டென்று குனிந்து, அப்பாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை மாதம் அந்தக் காலைப் பார்க்கவே பயந்தவள்.

"ஏம்புள்ள, பஸ்ஸுல எல்லாரும் பாக்கறாங்க" என்று அப்பா நெளிந்தார்.

"பாக்கட்டுமுங்க" என்றாள் அம்மா. நாகலூர் வரும்வரை காலை அவள் விடவில்லை.