திருப்பிக் கொடுக்காத கண்ணாடிப் பாத்திரங்கள்

அம்மா செத்து இரண்டு மாதம் கழித்து, நவம்பரில், நானும் அப்பாவும் ட்ரெய்லருக்குக் குடிபோனோம். பிக்கரிங்கைத் தாண்டி ஏரிப் பக்கமாக ஒரு ஆர்.வி. ரிசோர்ட், ட்ரெய்லர்களை நிறுத்திவைத்து அதற்குள்ளேயே தங்குகிற இடம். கோடையில் அம்மாவும் அப்பாவும் சனி ஞாயிறு போய் இருக்கிற இடம். குளிர் தொடங்கினால் முக்கால்வாசிப்பேர் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பத்துப் பன்னிரண்டு ட்ரெய்லர்களுக்கு மட்டும் தண்ணீரும் கரண்டும் விட்டிருப்பார்கள்.

அப்பாவால் வெக்ஸ்போர்ட் அபார்ட்மெண்டில் இருக்க முடியவில்லை. அம்மா நின்று சமைத்த குசினியின் லைட்டைப் போடவே மாட்டார். "நான் அங்க போய் இருக்கப்போறன்" என்றார். தனியே விட எனக்குப் பயம். ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணி, நாலு பிஸ்கட், அவ்வளவுதான் அவருடைய சாப்பாடு. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்தார்.

மிசிசாகாவில் விமானங்களுக்குள் கூட்டித் துடைக்கிறது என் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு அது நல்ல வேலை. சூப்பர்வைசர் புதுவருடம் வரை லீவு தந்தார். அதற்குள் அப்பா சாப்பிடத் தொடங்காவிட்டால் வேலையை விடுவது என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்குப் பின்னால் இவரும் போய்விடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

நான் சமைத்ததை அவர் தொடவில்லை. குறையும் சொல்லவில்லை. அம்மா மாதிரியே சமைக்கப் பார்த்தேன். அதுதான் பிழை என்று இப்போது தெரிகிறது.

பக்கத்து ட்ரெய்லரில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரும் மனைவியும் இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள். தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கச் சூடேற்றும் வயரை எப்படிச் சுற்றுவது என்று அவர்தான் அப்பாவுக்குக் காட்டினார். உன்னுடைய அம்மா வரவில்லையா என்று அந்த மனிசி என்னிடம் கேட்டார். சொன்னேன். அடுத்த நாள் ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறைய லசான்யாவோடு வந்து நின்றார். ஆளுக்கு ஆள் சொல்லியிருக்கிறார்கள். பிறகு சூப் வந்தது, அப்பிள் பை வந்தது, உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு ஏதோ வந்தது.

"கொண்டுவந்ததை எறிஞ்சா அதுகளுக்கு மனம் நோகும்" என்று சொல்லி, லசான்யாவுக்கு மேலே மிளகாய்த்தூளைத் தூவிக்கொண்டு அப்பா சாப்பிட்டார். நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்று கரண்டி போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு கிழமையில் நாலு பாத்திரம் கட்டிலில் அடுக்கியிருந்தது.

"அப்பா, உதுகளைக் குடுத்திட்டு வரட்டே?"

"வெறும் பாத்திரத்தையோ? கொம்மா இருந்தா உன்னைக் கிழிச்சிருப்பாள்."

"அப்ப ஏதும் செய்து வச்சுக் குடுப்பம்."

"செத்தவீட்டிலயிருந்து பலகாரம் போறேல்ல பிள்ளை. வருசம் திரும்பட்டும்."

"அதுமட்டும் அந்த மனிசி எதில சமைக்கிறது?"

"கடையில அலுமினியத் தட்டு விக்குதுதானே."

மூன்றாவது கிழமை சாப்பாடு வருவது நின்றது. பாத்திரங்கள் எல்லாம் எங்களிடம். எதில் கொண்டுவருவார்கள்? அப்பா திரும்பவும் பிஸ்கட்டுக்குப் போனார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின கிழமை பஸ் டிரைவரின் மனைவி கதவைத் தட்டினார். மகள் வருகிறாளாம், அந்தப் பாத்திரம் தேவையாம். வெட்கப்பட்டுக்கொண்டுதான் கேட்டார். அப்பா அவரைவிட வெட்கப்பட்டு, "டுமாறோ, டுமாறோ" என்று கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப என்ன செய்யிறது?"

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இது வீடே இல்லை அப்பா."

"என்ன?"

"வெளியில போய்ப் பாருங்கோ. அடியில ரயரும் சில்லும் இருக்கு. பின்னுக்கு நம்பர் பிளேட் இருக்கு. செத்தவீடு வெக்ஸ்போர்ட்டில. வாகனத்துக்கு ஏது துடக்கும் தீட்டும்?"

"உதை ஆர் உனக்குச் சொன்னது? ஐயரோ?"

"இன்சூரன்ஸ்காரன். அவன்ர பேப்பரில வாகனமெண்டுதான் கிடக்கு."

அப்பாவின் மூக்கால் ஒரு காற்று வந்தது. சிரிப்பு என்று சொல்லலாம். பூட்ஸைப் போட்டுக்கொண்டு உண்மையாகவே வெளியே போனார். ட்ரெய்லரைச் சுற்றி அடைத்திருந்த பலகையை விலக்கி, காலால் பனியைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"காத்துப் போய்க் கிடக்கு" என்றார். "எண்டாலும் சில்லுத்தான்."

அடுத்த நாள் காலையிலிருந்து மீன் ரோல்ஸ் செய்தோம். இரண்டு பேருமே முன்னம் செய்ததில்லை. டின் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம். எண்ணெய்ப் புகையில் ஜன்னலெல்லாம் தண்ணீராக வழிந்தது. அப்பா சுற்றிய முதல் ரோல் எண்ணெயில் அவிழ்ந்து போனது.

"உப்புப் பார்."

"எனக்குத் தடிமன், மூக்கடைச்சுக் கிடக்கு. ருசி தெரியேல்ல. நீங்கள் பாருங்கோ."

பொய். அவர் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். உடைந்த ரோலை எடுத்துச் சாப்பிட்டார். இன்னொன்று எடுத்தார்.

"அம்மான்ர மாதிரி இல்லை, என்னப்பா?"

"இல்லைத்தான்" என்றார். "பரவாயில்லை. வெள்ளையளுக்கு உறைக்குமோ?"

பின்னேரம் ரோல்ஸ் நிரப்பிய நாலு பாத்திரத்தையும் உடுப்புக் கூடையில் வைத்து அவரே தூக்கிக்கொண்டு போனார். நான் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம். வழுக்கி விழுந்துவிட்டாரோ என்று ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தேடிப் போனேன்.

பஸ் டிரைவர் வீட்டு ஜன்னலால் தெரிந்தது. அப்பா மேசையடியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கோப்பை சூப். பாண் துண்டைக் கிழித்துச் சூப்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டு கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன இங்கிலீஷோ தெரியாது, அந்த மனிசி சிரித்தார். அப்பா என்னைக் கண்டு கரண்டியைத் தூக்கி வா என்று காட்டினார். பிறகு வாறன் என்று கையால் காட்டிவிட்டுத் திரும்பினேன்.

ட்ரெய்லருக்குள் வந்து ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்தேன். லீவு முடிய முன்னமே, திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம் என்று நினைத்தேன். அவர் போய்விடமாட்டார், இருந்துவிடுவார் என்று நினைத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில்கூட நான் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவுக்காக அழ எனக்கு நேரம் கிடைத்தது அன்றுதான்.

படியில் அப்பா பூட்ஸைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் முகத்தைத் துடைக்கவில்லை.