சர்வர்னு ஒரு குரல் கொடுத்தேன்

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு: போடி பஜாரின் தலைசிறந்த நெட்வொர்க் நிபுணராக இன்று என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

மாமாவோட ஏலக்காய்க் கடையில பில்லெல்லாம் உள்ரூம் சர்வர்ல கிடக்கும். அதை எடுத்துப் பிரிண்ட் அடிக்கிறது முன்னால இருக்கிற கிழட்டுக் கம்ப்யூட்டர். இன்னைக்குக் கிழடு, சர்வரைக் காணவே காணோம்னுருச்சு. வாசல்ல கொச்சிக்குப் போற லாரி. பில் இல்லாம போடிமெட்டு மலைச் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாது.

"ஏலே, உன்னால முடியுமா, ஆளக் கூப்பிடவா?"ன்னாக மாமா.

"ஆளா? என்னைய யாருன்னு நெனச்சீக?"

பழைய கம்ப்யூட்டரைச் சர்வரோட பேச வைக்கிற சாஃப்ட்வேர் ஒண்ண நெட்ல எறக்கி ஏத்தினேன். 'சர்வர்'னு ஒரு பேர் வந்துச்சு. தட்டினேன், திறந்துருச்சு! காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு, கடைசி ஃபைலைப் பார்க்காமலே பிரிண்ட் கொடுத்தேன்.

மாமா வாசிச்சாக: "மார்பு முப்பத்தாறு, கை பத்து... ஏலே, ஏலக்காய்க்கு ஏதுடா கை?"

லாரி டிரைவர் சேட்டன் சிரிச்ச சிரிப்புல மூட்டையே குலுங்குச்சு.

மாடியில தையல்கடை. நம்ம நெட் லைன்லதான் அவுகளும் ஓட்டுறாக. அவுக கம்ப்யூட்டருக்கும் பேரு 'சர்வர்'தான். ஓட்டல்ல "சர்வர்!"னு கத்துனா அடுத்த டேபிள் ஆளு திரும்புவாருல்ல, அதே கதை.

சரி, நம்ம சர்வர் ஏன் திரும்பல?

காலையில என் போனுக்குச் சார்ஜ் போட அதோட பிளக்கைப் பிடுங்கினது நான்தான்.

சத்தமில்லாம மாட்டி விட்டேன். பில் வந்துச்சு, லாரி கெளம்பிருச்சு, மாமா பரோட்டா வாங்கித் தந்தாக.

இந்தப் போஸ்ட் போடுற அக்கவுண்ட் மாமாவுக்குத் தெரியாதுல்ல? யாராச்சும் சொல்லுங்கப்பா.