கை ஏறாத பெண்

மரக்காணத்தில் ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண். வெயிலில் கறுத்து, சற்றே வீங்கிய முகம். வியர்வையைத் துடைக்கக்கூட வலது கையை இடது கையால் தாங்கித்தான் தூக்கினார்.

"அடி பட்டுச்சாம்மா?" என்றேன்.

"இல்லீங்க. கை காலெல்லாம் ஒரே வலி, பலமே இல்ல. உப்பு வார்ற உடம்பு வலிக்கத்தான் செய்யும்னு இருந்துட்டேன். கூட இருக்கறவங்க சோம்பேறின்னாங்க. எனக்கே அப்படித்தான் தோணிடுச்சு."

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"போன வாரம் எடுத்த ரத்தத்துல பாத்துட்டாங்க. தைராய்டு கொறைச்சலாம். தினம் மாத்திரை போட்டா மெல்ல சரியாயிடுமாம்."

"நல்லதும்மா."

மருந்துச் சீட்டை மடியில் வைத்து நீவினார்.

"அப்ப நான் சோம்பேறி இல்லீங்களே?"

"இல்லவே இல்லம்மா."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாத்திரை வாங்கப் போனார். டாக்டரிடம் கேட்காத அந்தக் கேள்வியை, முன்பின் தெரியாத என்னிடம் ஏன் கேட்டார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.