பக்கத்து வீட்டு வைஃபையை அறிந்த லப்டொப்

மகனுக்குக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்ததும் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடையில் பழைய லப்டொப் வாங்கினோம். நீர்வேலியில் வீட்டுக்கு வந்து திறந்த மகன் திகைத்துப் போனான்.

"அம்மா, இது பக்கத்து வீட்டு வைஃபையிலை தானாப் போய்ச் சேருது. பாஸ்வேர்டும் கேக்கேல்லை."

அந்த வீட்டுப் பிள்ளை தர்சிகாவின் லப்டொப் போன மாதம்தான் பஸ்ஸில் களவு போனது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினோம். மூடியில் ஸ்ரிக்கர் சுரண்டிய தடத்தைத் தொட்டுப் பார்த்து, "ஓம் அன்ரி, இது என்ரைதான்" என்று அழுதாள். அவளுடைய படிப்பு வேலைகளை ஒன்றுவிடாமல் அழித்தவர்கள் வைஃபையை அழிக்க மறந்துவிட்டார்கள்.

கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கடைக்காரன் வெட்கப்படவே இல்லை.

"நீர்வேலி எண்டு முதலே சொல்லியிருந்தா வேறை ஒண்டு தந்திருப்பனே அக்கா!"

காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. எல்லாம் தெரிந்துதான் விற்றிருக்கிறான்!

லப்டொப்பைத் தர்சிகாவிடமே கொடுத்துவிட்டோம். இப்போதெல்லாம் பழைய சாமான் எது வாங்கப் போனாலும், வேலை செய்யுமா என்று நான் முதலில் கேட்பதில்லை. "இதை ஆரிட்டை வாங்கினியள்?" என்றுதான் கேட்கிறேன். அதோடு கன கடைக்காரரின் சிரிப்பு நின்றுவிடுகிறது.