பத்தாம் எண் கோப்பு

மனுவில் இருக்கும் பெயரை மறைத்துவிட்டால், நீங்கள் நேற்று எடுத்த முடிவையே இன்றும் எடுப்பீர்களா?

பினாங்கில் டத்தோ கிராமாட் வட்டாரத்து நவமணியிடம் இதைக் கேட்டால் சிரிப்பார். ஜார்ஜ் டவுனில் இருந்த ஒரு வீட்டுக் கடன் பயிற்சி நிலையத்தில் 1971 முதல் தட்டச்சு செய்தவர். பிஜி, கென்யா, வங்காளதேசம் என்று பல நாடுகளின் வங்கிக்காரர்களும் அதிகாரிகளும், உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து அங்கே படித்தார்கள். பயிற்றுநர் ஸ்ரீஸ்கந்தராஜா உண்மையான பழைய மனுக்களை எடுப்பார். பெயர், ஆணா பெண்ணா என்பதெல்லாம் நீக்கி, எண் மட்டும் போட்டுக் கொடுப்பார். கடன் தரலாமா என்று வகுப்பு முடிவு செய்ததும், வங்கி உண்மையில் என்ன செய்தது என்பதை நவமணி வாசிப்பார்.

1984-இல் அவருக்கு நாற்பத்தொரு வயது. அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தார். ஜெலுத்தோங்கில் இரண்டறை வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தார். மாதக் கடைசிக்குள் கடன் கிடைக்காவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். வங்கியோ மறுப்புக் கடிதம் அனுப்பிக் கைவிரித்துவிட்டது.

"தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடு. எல்லாம் கிடைக்கும்," என்றார் அண்ணி.

"கடன் ஃபாரத்துல முருகனா அண்ணி கையெழுத்துப் போடுறாரு?"

அந்த வாரம் ஸ்ரீஸ்கந்தராஜா தலையைச் சொறிந்தார். "ஒம்போது ஃபைல்தான் இருக்கு. இன்னொன்னு வேணுமே."

"என்கிட்ட ஒன்னு இருக்கு சார்."

தன் மனுவையே பெயர் நீக்கித் தட்டச்சு செய்து, பத்தாம் எண் போட்டுக் கொடுத்தார் நவமணி.

"நிரந்தர வேலை, ஒழுங்கான சேமிப்பு, கையில முன்பணம். இதுக்குக் கொடுக்காம வேற எதுக்குக் கொடுக்கிறது?" என்று முதலில் கை தூக்கியவர் உள்ளூர் வங்கி அதிகாரி விநாசித்தம்பி. வகுப்பு முழுதும் கை தூக்கியது.

நவமணி எழுந்து வாசித்தார். "மனு நிராகரிப்பு. மணமாகாத பெண். ஆண் ஜாமீன் இல்லை. கையொப்பம், விநாசித்தம்பி." தாளை மேசையில் வைத்தார். "மனுதாரர் நான்தான்."

வகுப்பில் இருந்த கெப்பாலா பத்தாஸ் நில அலுவலகத்து ரோஹானா மேசையைத் தட்டிச் சிரித்தார். "அலாமாக்! முதல் கை உங்க கைதானேலா!"

விநாசித்தம்பியின் காது சிவந்துவிட்டது. தேநீர் வேளையில் தானாகவே வந்தார்.

"தங்கச்சி, பொண்ணுன்னு பார்த்ததும் மூடிட்டேன். அடுத்த பக்கத்தைப் புரட்டவே இல்ல. நாளைக்கு பேங்குக்கு வாங்க."

"ஜாமீனுக்கு யாரைக் கூட்டி வரணும், அண்ணே?"

"யாரும் வேணாம்லா! அதான் வகுப்பே கை தூக்கிருச்சே."

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு சாவி நவமணியின் கைக்கு வந்தது. ஓய்வு பெறும்வரை அந்தப் பத்தாம் எண் கோப்பை ஒவ்வொரு வகுப்புக்கும் கொடுத்தார். ஒரு வகுப்பும் அதை மறுக்கவில்லை.

தட்டச்சுப் பொறி கையில் இருந்ததால் நவமணி பிழைத்தார். அது இல்லாத பெண்களின் மனுக்கள் முதல் பக்கத்தோடு மூடப்பட்டுக் கிடக்கின்றன. கடன் மேசையில் உட்கார்ந்திருப்பவரே, நாளைக் காலை நீங்கள் மறுத்த மனு ஒன்றை எடுங்கள். பெயர்மேல் ஒரு துண்டுத்தாளை ஒட்டுங்கள். கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, மறுபடி முடிவு செய்யுங்கள்.