கேனைக் கீழே வைத்த கூட்டம்

வளர்மதிக்குப் பிறந்த ஊர் பாடாலூர். வாழ்க்கைப்பட்டது அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலையோரம் ஒரு சிற்றூரில். அந்த ஊர் ரேஷன் கடையில் பதினான்கு வருஷமாக அவள்தான் விற்பனையாளர். முந்நூற்றுச் சொச்சம் கார்டு. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் துபாய் போயிருக்கிறார்கள், யாருக்குச் சர்க்கரை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நாற்பது வயதுக்கு மேல் ஓர் ஆசை வந்து, அஞ்சல் வழியில் எம்.ஏ. சமூகவியல் சேர்ந்தாள். "அரிசி போடறதுக்கு எம்.ஏ. எதுக்குடி?" என்று சிரித்த கணவன் குருமூர்த்திதான் பரீட்சைக்குப் பைக்கில் கொண்டுபோய் விட்டான்.

கூட்டத்தின் நடத்தை பற்றிப் புத்தகத்தில் ஒரு பாடம் இருந்தது. கூட்டத்தில் சேர்ந்தவன் தன்னை மறந்து, தனியாகச் செய்யக் கூசுவதையெல்லாம் செய்வான் என்பது அறிஞர்களில் ஒரு கட்சி. இல்லை, கூட்டத்துக்கு முதலில் என்ன செய்வதென்றே தெரியாது, யாரோ ஒருவர் துணிந்து செய்வதே அங்கே சட்டமாகிவிடும் என்பது இன்னொரு கட்சி. இரண்டையும் எழுதி ஐம்பத்தெட்டு மார்க் வாங்கினாள். பிறகு மறந்தும் போனாள்.

போன தை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி பள்ளிக்கூட வளைவில் ஒரு சைக்கிளைத் தட்டிவிட்டது. சைக்கிளில் போனவள் அதே ஊர் பாக்யலட்சுமியின் மகள் சக்தி, எட்டாம் வகுப்பு.

வளர்மதி ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, ஆம்புலன்ஸ் பிள்ளையைக் கொண்டுபோயிருந்தது. குருமூர்த்தியும் பின்னாலேயே போயிருந்தான். நசுங்கிய சைக்கிளும் சிதறிய சாப்பாட்டு டப்பாவும் சாலையில் கிடந்தன. "புள்ள போயிடுச்சாம்" என்று யாரோ சொன்னது வாய்க்கு வாய் தாவியது. உண்மை யாருக்கும் தெரியாது. லாரி டிரைவர், ஐம்பது வயது இருக்கும், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயிருந்து கும்பிட்டார். முன்கண்ணாடி ஏற்கெனவே நொறுங்கியிருந்தது. சுற்றிலும் இருநூறு பேர்.

"கொளுத்துடா லாரிய!"

வீரமணி டீசல் கேனோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். வளர்மதி குறுக்கே போய் நின்றாள்.

"வீரமணி தம்பி, கேனைக் கீழ வை."

"ஒதுங்குங்கக்கா! போன வருஷம் இதே வளைவுல எங்கப்பன். இன்னிக்கு இந்தப் புள்ள."

"உள்ள இருக்கறதும் உசுருதான். கலையரசா, கையில என்ன கல்லு? உம்பொண்ணு பாத்துக்கிட்டு நிக்கிறா பாரு. தங்கராசு மாமா, நீங்களுமா?"

பேர் விழுந்த இடத்திலெல்லாம் ஒரு கை தாழ்ந்தது. ஆனால் கூச்சல் ஓயவில்லை. பேரைச் சொல்லி ஒருவனை நிறுத்தலாம். இருநூறு பேரின் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது? அது நியாயமான கோபம், அவளுக்கும் இருந்தது. சட்டென்று லாரிக்கு முன்னால் தார்ச்சாலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கொளுத்துனா நாளைக்கு வேற லாரி வரும். உக்காந்தா ஒரு லாரியும் வராது. உக்காருங்க!"

யாரும் உட்காரவில்லை. தன் ஆயுசிலேயே நீளமான நொடிகள் அவைதான் என்று பிற்பாடு சொல்வாள். சித்தாள் வேலைக்குக் கிளம்பி வந்த பொன்னுத்தாய் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து அமர்ந்தாள். அவளைப் பார்த்து நாலு பெண்கள், அப்புறம் ஒரு வரிசை. வீரமணி கேனை ஓரமாக வைத்துவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதான்.

போலீஸ் வந்து டிரைவரை ஜீப்பில் ஏற்றியபோது ஒரு கல்கூடப் பறக்கவில்லை. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து குருமூர்த்தி போன் செய்தான்.

"புள்ள கண்ணு முழிச்சிடுச்சு. தொடை எலும்புதான் முறிஞ்சிருக்கு. உசுருக்கு ஒண்ணுமில்லங்கறாங்க."

அவள் அதை உரக்கச் சொன்னாள். மொத்தக் கூட்டமும் சேர்ந்து மூச்சு விட்டது.

"அப்பறம் என்னம்மா, எந்திரிங்க" என்றார் தாலுகா ஆபீசிலிருந்து வந்திருந்த அதிகாரி.

"பள்ளிக்கூட நேரத்துல லாரி வராதுன்னு எழுதிக் குடுங்க சார், எந்திரிக்கிறோம்."

மதியம் ஒன்றரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். காலை எட்டிலிருந்து பத்து வரை, மாலை நாலிலிருந்து ஆறு வரை லாரி ஓடாது.

ஆனால் மறியல் செய்ததாகப் பன்னிரண்டு பேர்மேல் வழக்கு விழுந்தது. முதல் பேர் வளர்மதி. வேலை நேரத்தில் கடையை விட்டுப் போனதற்கு மெமோவும் வந்தது. மூன்று வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போய்விட்டால் என்ன செய்வது என்பதே நினைப்பாக இருந்தது.

அரியலூரில் மெமோ விசாரணையன்று கூட்டுறவுத் துறை அதிகாரி கேட்டார்: "கூட்டத்த நீங்கதானே கூட்டுனீங்க?"

"கூட்டலைங்க சார். கூடுனவங்கள உக்கார வெச்சேன்."

வெளியே பெஞ்சில் இன்னொருவர் காத்திருந்தார். ஜாமீனில் வந்திருந்த அந்த டிரைவர்தான், பேர் உத்திராபதி. விஷயம் கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமலே பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். உள்ளே போய், "தப்பு எம்மேலதாங்க, கேஸ நான் பாத்துக்கறேன். ஆனா இந்தம்மா இல்லன்னா இன்னிக்கு நான் சாம்பலுங்க" என்றார். அதிகாரி அதை எழுத்தில் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலமே மெமோவை ரத்து செய்தார்கள். மறியல் வழக்கும் சித்திரையில் கைவிடப்பட்டது.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும், அரியலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டலில் குருமூர்த்தியின் எதிரே உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டாள். மூன்றாவதையும் கொண்டுவரச் சொன்னாள்.